ரோசாவின் மஞ்சள் குருத்து



உங்கள் முற்றத்து ரோசாச் செடியைச் சற்று உற்றுப் பாருங்கள். அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் பச்சையாக இருக்க, நுனிக் குருத்துகள் மட்டும் மஞ்சளித்து, அவற்றின் நரம்புகள் பச்சைக் கோடுகளாகத் தெரிகின்றனவா? அப்படியானால் இதைத் தொடர்ந்து வாசியுங்கள். நான் செய்த தவறை நீங்களும் செய்ய வேண்டாம்.

1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் நெடுங்காலம் வாழ்ந்து திரும்பியவர் என் மாமியார். உப்புக்குளத்தில் மீண்டும் கட்டிய வீட்டின் முற்றத்தில், மலைநாட்டு உறவினர் கொடுத்த ரோசா ஒன்றை ஆசையோடு நட்டார். பையில் இருந்தவரை செழித்த செடி, நிலத்தில் வைத்த சில மாதங்களில் மஞ்சளித்தது.

அது 2021ஆம் ஆண்டு. மே மாதத்தில் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்திருந்தது. நவம்பரில் தடை நீங்கும்வரை எங்கும் இயற்கை உரப் பேச்சுத்தான். நானும் என் பங்குக்கு, “அடுப்புச் சாம்பல் போடுங்கள், முட்டைக்கோது நொறுக்கிப் போடுங்கள்” என்றேன். மாமி அப்படியே செய்தார். மஞ்சள் கூடியது.

“மருமகன், நீங்க சொன்னதத்தானே போட்டேன்?” என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. செடி பட்டுப்போனது.

பதில் மண்ணில் இருந்தது. நம் கரையோர மணலில் சங்கும் சிப்பியும் நொறுங்கிக் கலந்திருக்கின்றன. சிப்பியைச் சுட்டுத்தானே வெற்றிலைக்குச் சுண்ணாம்பு செய்கிறோம்! மண்ணின் புளிப்பையும் காரத்தையும் பீ.எச். என்ற அளவால் கணிப்பார்கள். 7 நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஓர் எண் கூடினால் பத்து மடங்கு வித்தியாசம். ரோசா விரும்புவது 6 முதல் 6.5 வரை. சுண்ணாம்பு மண்ணிலோ இது பெரும்பாலும் 7.5க்கும் 8.5க்கும் இடையில் நிற்கும்.

அத்தகைய மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் இல்லாததுபோல்தான். அது கரையாத துருவாக இறுகிவிடுகிறது. வேரால் உறிஞ்ச முடியாது. பூட்டிய பெட்டிக்குள் அரிசி இருந்தும் பசித்திருப்பதைப் போன்றது. துருப்பிடித்த ஆணியைப் புதைப்பதாலும் பயனில்லை, துருவைச் செடி உண்ணாது. சாம்பல் கடும் காரம், முட்டைக்கோது பெரும்பாலும் சுண்ணாம்பு. ஆகவே நான் சொன்ன மருந்து அந்தப் பெட்டிக்கு இன்னொரு பூட்டாகிவிட்டது.

மஞ்சளெல்லாம் ஒரே நோயல்ல. அடி இலைகள் முழுவதுமாக வெளிறினால் தழைச்சத்துக் குறைவு; மக்கிய மாட்டெரு போதும். அடி இலையின் ஓரம் கருகினால் சாம்பல் சத்துக் குறைவாகவோ உப்பின் தாக்கமாகவோ இருக்கலாம். நுனிக் குருத்து நரம்பு பச்சையாக நிற்க மஞ்சளித்தால்தான் இரும்பை எண்ண வேண்டும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு கரண்டி காய்ந்த மண்ணைத் தட்டில் வைத்துச் சில துளி வினாகிரி விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறது. கந்தகத் தூள் மண்ணைப் புளிப்பாக்கும் என்பார்கள். ஆனால் சிப்பி நிறைந்த மண்ணில் அந்தப் புளிப்பைச் சுண்ணாம்பே தின்றுவிடும்.

அதனால் ரோசாவையும் வெட்சியையும் சாடியில் வளர்ப்பதே நல்லது. வினாகிரிக்குப் பொங்காத மண் ஒரு பங்கு, நன்கு மக்கிய கூட்டெரு ஒரு பங்கு, உப்புப் போகக் கழுவிய தும்புத்தூள் ஒரு பங்கு எடுத்துக் கலந்து நிரப்புங்கள். சாடியின் அடியில் நீர் வடியத் துளை இருக்கட்டும். கூட்டெருவின் மக்கு இரும்பைப் பற்றி வைத்து வேருக்குக் கொடுக்கும். கிணற்று நீரிலும் சுண்ணாம்பு கரைந்திருப்பதால், மாரி மழைநீரைப் பீப்பாயில் பிடித்து வைத்து ஊற்றுங்கள். உடுப்புக் கழுவிய சவர்க்கார நீர் வேண்டவே வேண்டாம். எருவையும் அளவோடு இடுங்கள், மிகுந்தால் அதிலுள்ள உப்பே வேரைச் சுடும்.

மஞ்சளான பழைய இலை மீண்டும் பச்சையாகவில்லையே என்று கவலைப்படாதீர்கள். புதிதாக விடும் குருத்தைப் பாருங்கள். அது பச்சையாக வந்தால் செடி தேறிவிட்டது.

நிலத்திலேதான் நட வேண்டுமென்றால், கார மண்ணைத் தாங்கும் அலரியும் மருதோன்றியும் உண்டு. அலரி நஞ்சு, பிள்ளைகளும் ஆடுகளும் அண்டாத இடத்தில் வையுங்கள்.

மாமிக்கு வேறொரு ரோசாப் பதியம் வாங்கி, இம்முறை சாடியில் வைத்தேன். முதல் பூவைக் காட்டி, “இதுக்கு என்ன மருமகன் போட்டீங்க?” என்று கேட்டார்.

“இந்த முறை விவசாயப் போதனாசிரியரைக் கேட்டுவிட்டுப் போட்டேன் மாமி” என்றேன்.

நல்ல நிய்யத் எனக்கு முன்பும் இருந்தது. ஆனால் தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்காமல் சொன்னேன். அதன் விலையைச் செடி கொடுத்தது. இயற்கையானது என்பதற்காக எதையும் அள்ளிப் போடாதீர்கள், சகோதரிகளே. முதலில் உங்கள் மண் என்ன சொல்கிறது என்று கேளுங்கள்.