சர்வர் வாங்கும் முன் லினக்ஸ் பொருத்தத்தைச் சரிபார்ப்பது எப்படி?

ஸ்ரீ விஜயபுரம்: போர்ட் பிளேர் என முன்பு அழைக்கப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்தின் டாலிகஞ்ச் பகுதியில் ஐசிஎம்ஆர் மண்டல மருத்துவ ஆராய்ச்சி மையம், தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் மையம் உள்ளிட்டவை அமைந்துள்ளன. சென்னையில் இருந்து இங்கு கப்பலில் வந்து சேர ஏறத்தாழ 3 நாட்கள் ஆகும். எனவே, புதிதாக வாங்கிய சர்வரில் இயங்குதளத்தை நிறுவ முடியவில்லை எனில், மாற்று உதிரிபாகம் கிடைப்பது பெருநகரங்களைப் போல எளிதல்ல.

அரசுத் துறைகள் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை அளிக்க வேண்டும் என்ற கொள்கையை மத்திய அரசு 2015-ஆம் ஆண்டு வெளியிட்டது. இவ்வகை இயங்குதளங்களுக்கு உரிமக் கட்டணம் இல்லை அல்லது குறைவு. ஆனால், எல்லா வன்பொருளும் அவற்றில் இயங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

சிக்கல் பெரும்பாலும் செயலியில் எழுவதில்லை. வட்டுகளை நிர்வகிக்கும் ரெய்டு அட்டையிலும் நெட்வொர்க் அட்டையிலும்தான் எழுகிறது. 2019-இல் வெளியான ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8 பதிப்பில், எஸ்ஏஎஸ்2008 சிப் கொண்டவை உள்பட பல பழைய அட்டைகளுக்கான ஆதரவு நீக்கப்பட்டது. அத்தகைய அட்டை உள்ள சர்வரில் நிறுவலைத் தொடங்கினால், வட்டு எதுவும் இல்லை என்றே திரை காட்டும். வட்டு பழுதாகிவிட்டதாகக் கருதி அதை மாற்றுவதால் பயனில்லை. குறைந்த விலையில் புதுப்பிக்கப்பட்ட பழைய சர்வர்களை வாங்குவோர் இதில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும்.

புதிய சர்வர்களும் விதிவிலக்கல்ல. எச்பிஇ ஜென்10 வரிசையில் வழங்கப்படும் எஸ்100ஐ மென்பொருள் ரெய்டு விண்டோஸுக்கு உரியது. லினக்ஸ் பயன்படுத்துவோர் அதை அணைத்துவிட்டு, இயங்குதளத்தின் சொந்த ரெய்டு வசதியையே நாட வேண்டும்.

நெட்வொர்க் அட்டையின் நிலை வேறு. சில அட்டைகள் இயங்க, ஃபர்ம்வேர் எனப்படும் சிறு கோப்பு தேவை. அதை இணையத்தில் இருந்து பதிவிறக்கலாம். ஆனால் அந்தக் கோப்பு இல்லாமல் இணையமே கிடைக்காது. டெபியனை நிறுவுவோரை நெடுங்காலம் வாட்டிய இச்சிக்கல், 2023 ஜூனில் வெளியான 12-ஆம் பதிப்பில் அக்கோப்புகள் அதிகாரப்பூர்வ நிறுவல் வட்டிலேயே சேர்க்கப்பட்டதால் பெருமளவு தீர்ந்தது. சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே. 2020 ஆகஸ்டில் சென்னை-அந்தமான் கடலடி கேபிள் பயன்பாட்டுக்கு வந்தபின் தீவுகளில் இணைய வேகம் உயர்ந்துள்ளது. எனினும், நெட்வொர்க் அட்டையே இயங்காத சர்வருக்கு அதனால் பலன் இல்லை.

ரெட் ஹேட், உபுண்டு, சூசே ஆகியவை தாம் சான்றளித்த வன்பொருள் பட்டியலை இணையத்தில் இலவசமாக வெளியிடுகின்றன. அதில் சர்வரின் பெயரை மட்டும் பார்ப்பது போதாது. ஒரே மாடல் வெவ்வேறு ரெய்டு அட்டைகளுடன் விற்கப்படுகிறது. இயங்குதளத்தின் எந்தப் பதிப்புக்குச் சான்று அளிக்கப்பட்டுள்ளது என்பதும் முக்கியம். ரெட் ஹேட் 10-ஆம் பதிப்பு, ஹேஸ்வெல் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் செயலிகளில் இயங்காது.

பட்டியலில் இல்லாத சர்வர் எனில், பென் டிரைவில் இருந்து லினக்ஸை இயக்கிக் காட்டுமாறு விற்பனையாளரைக் கேட்கலாம். அப்போது 'எல்எஸ்பிசிஐ' கட்டளையை இட்டால் ஒவ்வொரு அட்டையின் தயாரிப்பாளர், மாடல் விவரம் தெரியும். ஒப்பந்தப்புள்ளி கோரும் அலுவலகங்கள், இயங்குதளத்தின் பெயரையும் பதிப்பையும் நிபந்தனையாகவே எழுதி, நிறுவிக் காட்டிய பிறகே தொகை வழங்கப்படும் எனக் குறிப்பிடலாம். இந்தச் சோதனையைத் தீவுக்கு அனுப்பும் முன் சென்னையிலேயே முடித்துக்கொள்வது நல்லது.