வீட்டை மதிப்பிட வருகிறார்கள்

வீட்டை அடமானம் வைத்து வங்கியில் கடன் கேட்கிறார்கள். பணம் உடனே கைக்கு வந்துவிடாது. முதலில் ஒருவர் வீட்டைப் பார்க்க வருவார். கையில் டேப் இருக்கும். செல்போனில் படம் எடுப்பார். அவர்தான் மதிப்பீட்டாளர். வங்கிதான் அவரை அனுப்புகிறது. வீடு என்ன விலை பெறும் என்று அவர் எழுதிக் கொடுப்பார். அதைப் பார்த்துத்தான் வங்கி கடனை முடிவு செய்யும்.

அவர் வருகிறார் என்றதும் பல வீடுகளில் வெள்ளையடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். சுவர் பளிச்சென்று இருப்பது நல்லதுதான். ஆனால் வெள்ளையடித்த சுவரால் வீட்டின் விலை பெரிதாக ஏறாது. வந்தவர் முதலில் கேட்பது காகிதங்களைத்தான்.

கிரயப் பத்திரம், பட்டா, வீட்டு வரி ரசீது, மின் கட்டண ரசீது. அனுமதி வாங்கிய வீட்டு வரைபடம். இவற்றின் நகல்களை ஒரே பையில் எடுத்து வைக்க வேண்டும். எல்லாவற்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்பா இறந்து பத்து வருடம் ஆகியிருக்கும். வரி ரசீதில் இன்னும் அவர் பெயரே இருக்கும். பெயர் மாற்ற நாள் பிடிக்கும். ஆகவே கடன் கேட்பதற்கு முன்பே அதை முடிப்பது நல்லது.

பத்திரத்தில் நான்கு எல்லைகள் எழுதியிருக்கும். கிழக்கே யார் மனை, மேற்கே எந்தத் தெரு என்று இருக்கும். மதிப்பீட்டாளர் அதைப் படித்துக்கொண்டே வீட்டைச் சுற்றி வருவார். எல்லைக் கல்லை முள்ளும் குப்பையும் மூடியிருந்தால் அகற்றி வைக்க வேண்டும்.

காகிதமே இல்லாத வீடுகளும் உண்டு. பல மாநிலங்களில் கிராமத்து வீட்டு மனைகளுக்குப் பத்திரம் இருந்ததில்லை. தாத்தா காலத்து வீடு. ஊருக்கே தெரியும். ஆனால் வங்கிக்குத் தெரியாதே! இதற்காகவே 2020 ஏப்ரல் 24 அன்று மத்திய அரசு ஸ்வாமித்வா திட்டத்தைத் தொடங்கியது. ஊர் மக்கள் தங்கள் மனையைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போடுவார்கள். ட்ரோன் என்ற சிறு பறக்கும் கருவி மேலிருந்து படம் எடுக்கும். வரைபடம் தயாரானதும் ஆட்சேபணைகளைக் கேட்பார்கள். பிறகு சொத்து அட்டை தருவார்கள். உத்தரப் பிரதேசத்தில் இதற்குக் கரௌனி என்று பெயர். கோடு போடும் நாளில் பக்கத்து வீட்டுக்காரரும் உடன் நிற்க வேண்டும். ஒரு முழம் தள்ளிப் போட்ட கோடு பல வருடச் சண்டையாகிவிடும்.

இனி வீட்டுக்குள். எல்லா அறைச் சாவியும் கையில் இருக்கட்டும். சுவரோரம் அடுக்கிய மூட்டைகளை நகர்த்தி வைத்தால் அளக்க எளிது. மொட்டை மாடிக்குப் போக ஏணி வேண்டும். தண்ணீர் ஒழுகும் இடம் இருந்தால் முன்பே அடைத்துவிட வேண்டும். விரிசலைப் பீரோ வைத்து மறைப்பதில் பயனில்லை. அவர் பீரோவுக்குப் பின்னாலும் பார்ப்பார்.

மதிப்பை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? மனைக்குத் தனி, கட்டடத்துக்குத் தனி. ஒரு கணக்கு பார்க்கலாம். மனை 600 சதுர அடி. சதுர அடி 1,000 ரூபாய். ஆக 6 லட்சம். கட்டடம் 400 சதுர அடி. இன்று புதிதாகக் கட்ட சதுர அடிக்கு 1,500 ரூபாய். அதுவும் 6 லட்சம். ஆனால் கட்டடம் 60 வருடம் நிற்கும் என்று வைத்தால், 20 வருடம் போய்விட்டது. மூன்றில் ஒரு பங்கு கழியும். மீதி 4 லட்சம். மொத்தம் 10 லட்சம்.

மாடியில் அனுமதி இல்லாமல் கட்டிய அறை இருக்கலாம். கடன் வாங்கிக் கட்டியதாகக்கூட இருக்கலாம். வரைபடத்தில் இல்லாத அறைக்குப் பெரும்பாலும் மதிப்புப் போட மாட்டார்கள். பல குடும்பங்கள் ஏமாந்து நிற்பது இந்த இடத்தில்தான்.

மதிப்பு முழுவதும் கடனாகக் கிடைக்காது. வீடு வாங்கும் கடன் 30 லட்சம் வரை என்றால், மதிப்பில் 100க்கு 90 ரூபாய் வரைதான் கொடுக்கலாம். இது ரிசர்வ் வங்கியின் விதி. வேறு செலவுக்காக வீட்டை அடமானம் வைத்தால் இன்னும் குறையும். திருப்பிக் கட்ட வருமானம் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

“ஐயா, ஐயாயிரம் கொடுங்க. மதிப்பை ஏத்தி எழுத வைக்கிறேன்” என்று ஒரு தரகர் வரலாம். மதிப்பு ஏறினால் கடன் ஏறும். கடன் ஏறினால் மாதத் தவணையும் ஏறும். தவணை நின்றால் என்ன ஆகும்? 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி வங்கி 60 நாள் நோட்டீஸ் கொடுக்கும். அதற்குள் கட்டாவிட்டால், நீதிமன்றத்தில் வழக்குப் போடாமலே வீட்டை எடுத்து ஏலம் விட முடியும். தரகர் அப்போது ஊரில் இருக்க மாட்டார். மதிப்பீட்டுக்குக் கட்டணம் உண்டு என்றால் வங்கியே சொல்லும். அதை ரசீது வாங்கிக்கொண்டுதான் கட்ட வேண்டும்.

மதிப்பு குறைவாக வந்தால் காரணத்தை வங்கியில் கேட்கலாம். அளவு தவறியிருக்கலாம். ஓர் அறை விட்டுப் போயிருக்கலாம். டேப்பைப் பிடித்து வீட்டார் அளந்து எழுதிய சீட்டையும், வரைபடத்தின் நகலையும் எடுத்துக்கொண்டு போனால், பேசுவது எளிது.