பனிச்சறுக்குக்கு எங்கே போகலாம்? முதலில் பாட்டியைக் கேளுங்கள்!

"இந்த ஜனவரியில் எல்லோரும் ஸ்கீயிங் போகலாமா?" என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அண்ணன் மகன் ஒரு வரி போட்டான். பத்தே நிமிடத்தில் நாற்பது மெசேஜ். அவன் கனடாவில் படிக்கிறவன். காலில் ஸ்கீ பலகையை மாட்டிக்கொண்டு மலையிலிருந்து பாய்வது அவனுக்குக் கைவந்த கலை. என் கணவர் மணாலியில் இரண்டு முறை விழுந்து எழுந்தவர்; அதனாலேயே தனக்கும் தெரியும் என்று நம்புகிறவர். 8 வயது மகளுக்குப் பனி என்றால் ஃபிரீஸரில் படிவதுதான். "நான் போட்டோ எடுக்கிறேன், அது போதும்" என்றார் அண்ணி. அம்மாவுக்கு 68 வயது, இரண்டு முட்டியிலும் வலி.

இப்படி ஒரு கூட்டத்துக்கு இடம் பார்ப்பது கல்யாணத்துக்கு மண்டபம் பார்ப்பதைவிடக் கஷ்டம். வழக்கமாக என்ன நடக்கும்? யாருக்கு நன்றாகத் தெரியுமோ அவர் இடத்தைத் தேர்வு செய்வார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். நாங்களும் அதைத்தான் செய்தோம். அவன் காட்டிய வீடியோவைப் பார்த்து குல்மார்க் என்று முடிவானது. இடம் தப்பில்லை. ஆனால் போன முதல் நாளே அவன் பேச்சைக் கேட்டு எல்லோரும் உச்சிக்கு ஏறினோமே, அதுதான் தப்பு.

குல்மார்க் ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். உயரம் ஏறக்குறைய 2,650 மீட்டர், அதாவது நம் தொட்டபெட்டா உச்சியின் உயரம்தான். அதுவரை பிரச்னை இல்லை. அங்கிருந்து கோண்டோலா என்ற கேபிள் கார் இரண்டு கட்டமாக மேலே போகிறது. முதல் கட்டம் காங்டூரி வரை, சுமார் 3,100 மீட்டர். இரண்டாவது கட்டம் ஆபர்வத் மலையில் சுமார் 3,950 மீட்டர் வரை. இரண்டாவது கட்டத்தில் இறங்கியதும் அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மகள் காற்றுக்குப் பயந்து அழுதாள். என் கணவர் சரிவை எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் ஸ்கீ பலகைகளைத் தோளில் போட்டுக்கொண்டு கோண்டோலா வரிசையில் வந்து நின்றார். அண்ணன் மகன் மட்டும் பறந்துவிட்டான். கீழே வந்து சேர்ந்தபோது யாரும் யாரோடும் பேசவில்லை. அடுத்த நாள் முழுக்க அம்மா ஹோட்டல் அறையில் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்க போயிட்டு வாங்கப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். விமானத்தில் அத்தனை தூரம் அழைத்துவந்து அவரை நாலு சுவருக்குள் விட்டுவிட்டு நாங்கள் மட்டும் விளையாடப் போனது இன்னும் உறுத்துகிறது.

மதியச் சாப்பாட்டுக் கணக்கு

மூன்றாம் நாள் தற்செயலாகத்தான் வழி கிடைத்தது. முதல் கட்டமான காங்டூரியோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று அண்ணி சொன்னார். அங்கே டீக்கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் இருக்கின்றன. வெயில் விழும் இடமாகப் பார்த்து அம்மாவை உட்கார வைத்தோம். காங்டூரியிலிருந்து கீழே இறங்கும் தடம் என் கணவர் மாதிரிப் பாதி தெரிந்தவர்களுக்கு ஏற்றது. அங்கேயே ஒரு சேர் லிஃப்ட்டும் உண்டு. அண்ணன் மகன் உச்சிக்குப் போய்ச் சறுக்கி இதே இடத்துக்கு வந்துவிடுவான். மகளும் நானும் காலையில் கீழே புல்வெளிப் பகுதியில், கிட்டத்தட்ட சமதளமாக இருக்கும் சரிவில் பயிற்சி எடுத்துவிட்டு, கோண்டோலாவில் மேலே வந்து சேர்ந்துகொண்டோம். மதியம் எல்லோரும் ஒரே மேஜையில் ராஜ்மாவும் சாதமும் சாப்பிட்டோம். ஆளாளுக்குச் சொல்ல ஒரு கதை இருந்தது.

அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: ஓர் இடத்தில் எத்தனை சரிவு, எவ்வளவு செங்குத்து என்பதை அப்புறம் பாருங்கள். தெரிந்தவர், பாதி தெரிந்தவர், தெரியாதவர், சறுக்கவே போகாதவர் என நால்வரும் மதியம் ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியுமா என்று முதலில் விசாரியுங்கள். கற்றுக்குட்டிகளின் சரிவு ஒரு மூலையிலும் பெரிய சரிவு பத்து கிலோமீட்டர் தள்ளியும் இருந்தால், போய்ச் சேர்ந்த மறுநாளே குடும்பம் இரண்டாகப் பிரிந்துவிடும்.

இதே கணக்கை மற்ற இடங்களுக்கும் போட்டுப் பார்க்கலாம்.

உத்தராகண்டில் இருக்கும் ஔலி, குழுவில் எல்லோருமே புதியவர்கள் என்றால் அருமையான இடம். சரிவுகள் சாதுவானவை, எதிரே நந்தாதேவி சிகரம். அரசு நிறுவனமான கர்வால் மண்டல் விகாஸ் நிகம் அங்கே பனிச்சறுக்குப் பயிற்சி வகுப்புகள் நடத்துகிறது. ஆனால் ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட் வரை சுமார் 250 கிலோமீட்டர் மலைப்பாதை; ஒரு பகல் முழுக்க காரில்தான். 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் நிலம் இறங்கி வீடுகளில் விரிசல் விட்டபோது, அங்கிருந்து ஔலிக்குப் போகும் ரோப் காரையும் நிறுத்திவிட்டார்கள். முட்டி வலிக்காரர்களை அழைத்துப் போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். அண்ணன் மகன் மாதிரி ஆளுக்கு ஔலி இரண்டே நாளில் அலுத்துவிடும். பல வருடங்களில் பனி போதாமல் அங்கே போட்டிகளையே ரத்து செய்திருக்கிறார்கள் என்பதையும் மனதில் வையுங்கள்.

மணாலிக்குப் பக்கத்தில் சோலாங், "பனியைப் பார்க்கணும், ஒரு மணி நேரம் விழுந்து எழணும், போட்டோ எடுக்கணும்" என்பவர்களுக்கு. வழியெங்கும் பனி உடையும் பூட்ஸும் வாடகைக்குக் கிடைக்கும். கூட்டம் அள்ளும். முறையாகக் கற்க நினைத்தால் மணாலியில் உள்ள அரசு மலையேற்றப் பயிற்சி நிலையத்தின் வகுப்புகளுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். நன்றாகத் தெரிந்தவர்களுக்கு சோலாங்கில் பெரிதாக ஒன்றுமில்லை.

வெளிநாடு போகும் வசதி இருப்பவர்களுக்கும், அங்கே சொந்தக்காரர்கள் இருப்பவர்களுக்கும் ஓர் உதாரணம்: சுவிட்சர்லாந்தின் வெங்கன் கிராமம். அங்கே காரில் போக முடியாது, மலை ரயில்தான். கற்றுக்குட்டிகளின் சரிவு ஊர் நடுவிலேயே இருக்கிறது. சறுக்கத் தெரியாத பெரியவர்கள் அதே ரயிலில் 2,061 மீட்டர் உயரத்திலுள்ள கிளைன ஷைடெக் நிலையத்துக்குப் போய், உணவகத்தில் உட்கார்ந்து பிள்ளைகளுக்காகக் காத்திருக்கலாம். செலவுதான் கண்ணைக் கட்டும். ஐரோப்பாவில் தடங்களுக்கு நிறம் உண்டு. நீலம் சுலபம், சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். பிரான்ஸில் நீலத்தைவிடச் சுலபமான பச்சையும் இருக்கிறது. அமெரிக்காவில் பச்சைதான் சுலபம், நீலம் அதற்கு அடுத்தது. அங்கே பழகியவர் "நீலம்" என்று சொன்னால், எந்த ஊர் நீலம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்!

குல்மார்க்கின் இரண்டாம் கட்டத்தில் இப்படிச் சீராக்கிய, நிறம் பிரித்த தடங்களை எதிர்பார்க்காதீர்கள். அது இயற்கையான பனி மலை. 2024 பிப்ரவரியில் அங்கே பனிச்சரிவில் சிக்கி ஒரு ரஷ்யச் சறுக்கு வீரர் இறந்துபோனார். எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் குறிக்கப்பட்ட எல்லையைத் தாண்ட அனுமதிக்காதீர்கள். எங்கள் பையன் முதலில் முறைத்தான். அண்ணன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

வாத்தியார் வேண்டும், வீட்டுக்காரர் வேண்டாம்

"நானே சொல்லித் தருகிறேன்" என்று என் கணவர் மகளை அழைத்துப்போய் அரை மணி நேரத்தில் இருவரும் முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிறகு உள்ளூர்ப் பயிற்சியாளர் ஒருவரை அமர்த்தினோம். அவர் மகளிடம், "பலகைகளின் முனையைச் சேர்த்து, பின்பக்கத்தை விரி. பீட்சா துண்டு மாதிரி" என்றார். அவ்வளவுதான், வண்டி நின்றது! முதலில் நிற்கக் கற்றுக்கொண்ட பிள்ளைக்குப் பயம் போய்விடுகிறது. காலணி கடித்தால் உடனே மாற்றிக் கேளுங்கள். "பரவாயில்லை" என்று பொறுத்துக்கொண்டால் மறுநாள் யாரும் எழுந்து வரமாட்டார்கள். குல்மார்க் பக்கத்துப் பையன்கள் நடக்கும்போதே சறுக்குகிறவர்கள். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவிலிருந்து கலந்துகொண்ட ஒரே வீரரான ஆரிஃப் கானும் அந்தப் பகுதிக்காரர்தான்.

தேதியில்தான் நமக்குச் சிக்கல். நம் பிள்ளைகளுக்கு லீவு அரையாண்டுத் தேர்வு முடிந்தும், பொங்கலுக்கும். பனியோ ஜனவரி பிற்பகுதியிலும் பிப்ரவரியிலும்தான் ஓரளவு நம்பகமாக இருக்கும். 2024 ஜனவரியில் பெரும்பகுதி நாட்கள் குல்மார்க்கே வெறும் பழுப்பு மலையாகக் கிடந்தது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பிள்ளைகள் இருக்கும் வீடென்றால் அந்த வருடம் விட்டுவிடுங்கள். சின்ன வகுப்பு என்றால் பிப்ரவரியில் நாலு நாள் லீவு லெட்டர் கொடுப்பது மேல் என்பது என் கருத்து. ஆசிரியைகள் என்னை மன்னிக்கட்டும்.

காஷ்மீர் என்றால் பாதுகாப்பு நிலவரத்தைப் பார்த்த பிறகே டிக்கெட் போடுங்கள். 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பின் பல சுற்றுலா இடங்களை மூடிவைத்திருந்தார்கள். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது. குழுவில் இரண்டு பேரிடமாவது போஸ்ட்பெய்டு இருக்க வேண்டும். ஆளுக்கொரு சரிவில் இருக்கும்போது போன் இல்லாவிட்டால் மதியச் சாப்பாட்டுத் திட்டமே கெட்டுவிடும். கோண்டோலா டிக்கெட்டை ஆன்லைனில் முன்பே எடுத்துவிடுங்கள். காற்று அதிகமானால் இரண்டாம் கட்டத்தை நிறுத்திவிடுவார்கள். ரத்த அழுத்தம், இதய நோய் இருப்பவர்கள் உயரத்துக்குப் போகும் முன் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பனி வெயிலைத் திருப்பி அடிப்பதால் கறுப்புக் கண்ணாடி பாட்டிக்கும் அவசியம். பயணக் காப்பீட்டில் பனிச்சறுக்கு சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பல பாலிசிகளில் தனியாகக் கேட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

இந்த வருடமும் குரூப்பில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. அண்ணன் மகன் மூன்று இடங்களின் வீடியோ போட்டிருக்கிறான். கீழே வரிசையாக எல்லோரும் கட்டைவிரல் காட்டியிருக்க, அம்மா மட்டும் வாய்ஸ் மெசேஜில் கேட்டிருக்கிறார்: "அங்க உக்கார்ற எடத்துல வெயில் வருமாப்பா?"

அவன் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறான்.