துருவில் பிறந்த காந்தம்: அன்றும் இன்றும்

பழைய அமெரிக்க ஃபிரிட்ஜ் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் இருந்தது. வெளியிலிருந்துதான் திறக்க முடியும். ஒளிந்து விளையாடப் போன குழந்தைகள் உள்ளே மாட்டி மூச்சடைத்து இறந்தார்கள். உள்ளிருந்து தள்ளினாலும் கதவு திறக்கவேண்டும் என்று 1956இல் சட்டம் வந்தது. தாழ்ப்பாள் போய், கதவோரத்து ரப்பர் பட்டைக்குள் துருவாகிய இரும்பு ஆக்சைடிலிருந்து செய்யும் ஃபெரைட் காந்தம் புகுந்தது. கதவை மூடியும் வைக்கவேண்டும், பிள்ளை தள்ளினால் விட்டுவிடவும் வேண்டும். ஃபெரைட் தூளை ரப்பரில் கலந்ததால் பலம் குறைந்த காந்தம் அது!

1930இல் தோக்கியோவில் ஆய்வாளர்கள் கட்டோவும் டக்கேயும் ஃபெரைட்டைக் கண்டறிந்தனர். 1952இல் நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வகம் பேரியம் ஃபெரைட்டை அறிவித்தது. இரும்பு ஆக்சைடும் பேரியம் கார்பனேட்டும்தான் சரக்கு, விலை மலிவு. ஆனால் அன்று தூளை அப்படியே அழுத்திச் சுட்டார்கள். தூளின் மணிகள் திசைக்கொன்றாய்க் கிடந்ததால் காந்த ஆற்றல் கனமீட்டருக்கு 8 கிலோஜூல் அளவில் நின்றது.

இன்று தூளைக் காந்தப்புலத்தில் வைத்தே அழுத்துகிறார்கள். மணிகள் ஒரே பக்கம் பார்க்கின்றன. பேரியத்தின் இடத்தில் பெரும்பாலும் ஸ்ட்ரான்ஷியம். 1990களின் இறுதியில் லாந்தனமும் கோபால்ட்டும் சிறிதளவு சேர, எதிர்ப்புலத்துக்கு அசையாத பிடிவாதம் கூடியது. அதே பிடிவாதத்தைக் குறைக்கவும் வழி உண்டு: கோபால்ட், டைட்டானியம் இரண்டையும் சேர்த்தால் போதும், பதிவு நாடாவுக்கு ஏற்றபடி இளகிவிடும்.

எல்லாவற்றிலும் நுட்பமானது சூளை வேலை. மணி ஒரு மைக்ரானைச் சுற்றி இருக்கும்வரை காந்தம் உறுதியாக நிற்கும். 1,200 டிகிரி வாக்கில் சுடும்போது நேரம் நீண்டால் மணிகள் பெருத்து உறுதி போகும். குறைந்தால் கட்டி இறுகாது. சோறு குழையவும் கூடாது, அரிசியாய் நிற்கவும் கூடாது என்ற கதைதான். மணி பெருக்காமல் தடுக்கச் சிட்டிகை சிலிக்காவும் சுண்ணமும் சேர்க்கிறார்கள்.

ஆனாலும் ஒரு கூரை உண்டு. இந்தப் படிகத்தின் ஒவ்வொரு 12 இரும்பு அயனிகளிலும் 8 ஒரு திசை நோக்கும், 4 எதிர்த்திசை நோக்கும், மிச்சம்தான் நமக்கு. கணக்குப்படி உச்சவரம்பு சுமார் 45 கிலோஜூல். நல்ல ஃபெரைட் இன்று 40ஐத் தொட்டுவிட்டது. அருமண் உலோகமான நியோடிமியம் சேர்ந்த காந்தமோ 400ஐயும் தாண்டும்.

கூரையை உடைக்கும் யோசனையை 1991இல் ஆய்வாளர்கள் க்னெல்லரும் ஹாவிக்கும் முன்வைத்தனர்: பிடிவாதம் மிக்க வன்காந்த மணியோடு காந்தமேற்றம் மிக்க மென்காந்த மணியை நானோ அளவில் ஒட்டவைப்பது. ஸ்ட்ரான்ஷியம் ஃபெரைட்டோடு கோபால்ட் ஃபெரைட்டைக் கலந்து பலரும் முயல்கிறார்கள். காந்தமேற்றம் கூடினால் பிடிவாதம் குறைகிறது. ஒன்றைப் பிடித்தால் மற்றொன்று நழுவுகிறது. கட்டுரைகளில் தெரியும் வெற்றியை அப்படியே நம்பத் தயக்கமாக இருக்கிறது.

2025 ஏப்ரலில் சீனா சில அருமண் உலோகங்களுக்கும் காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தபோது வாகன ஆலைகள் தடுமாறின. மின்வாகனத்துக்கு எடை முக்கியம். அங்கே நியோடிமியத்தை எளிதில் விட முடியாது. மின்விசிறிக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் மோட்டார் சற்றுப் பருத்தால் என்ன குறை? அங்கெல்லாம் ஃபெரைட்டே போதும்; நியோடிமியம் கேட்பது வீண் ஆடம்பரம்.