கொல்லுலையின் நெறி

மாழையை உருக்கி அச்சில் ஊற்றி வடிவம் கொள்ளச் செய்வது வார்ப்பு. உருக்காமல், குழையும் அளவிற்குச் சுட்டு, அடித்து வடிவம் கொள்ளச் செய்வது வடிப்பு. கொல்லுத்தொழில் என்பது இரும்பின் வடிப்பே. தூய இரும்பு உருக 1538 பாகை செல்சியசு வெம்மை வேண்டும். கொல்லனோ ஏறத்தாழ 900 பாகைக்கும் 1200 பாகைக்கும் இடையிலேயே தன் அடிப்பணியில் பெரும்பகுதியை முடித்துக்கொள்கிறான். ஓய்வுப் பொழுதில் இத்தொழிலைக் கற்க விழைவோர் பலர் தம் தோள்வலிமையை எண்ணித் தயங்குகின்றனர். இங்குத் தோள்வலிமைக்கு இரண்டாம் இடமே உரியது. வெம்மையை நிறத்தால் அறியும் கண்ணுக்கே முதலிடம் என்பது என் துணிபு.

இரும்பு எனப் பொதுப்பெயரால் நாம் வழங்கும் பொருள், தன்னுள் கரந்துள்ள கரிமத்தின் அளவால் வேறுபடும். கரிமம் ஏறத்தாழக் கால் விழுக்காட்டுக்குள் அடங்கின் அது மெல்லெஃகு, 0.6 விழுக்காட்டுக்கு மேற்படின் வல்லெஃகு. இவ்விரண்டிற்கும் நடுவே நிற்பது இடையெஃகு. 2 விழுக்காட்டைக் கடந்தது வார்ப்பிரும்பு. மெல்லெஃகு அடிக்கு இணங்கும், ஆயின் கூர்மையைத் தாங்காது. வல்லெஃகு கூர்மையைத் தாங்கும், ஆயின் உலையில் சற்றே வெம்மை மிகுந்தாலும் பொரிந்து கெடும். வார்ப்பிரும்பு சம்மட்டி பட்டால் பிளக்கும்; வடிப்புக்கு ஆகாது. இவ்வேறுபாட்டை ஆண்டறிந்த மரபு நம்முடையது: நொய்யல் ஆற்றங்கரைக் கொடுமணலில் அகழ்ந்தோர் இரும்பு உலைகளின் எச்சங்களையும் எஃகு உருக்கிய சுடுமண் கலங்களின் சான்றுகளையும் வெளிக்கொணர்ந்துள்ளனர். ஆயினும் தொடங்குவோர் வல்லெஃகின் பெருமையில் மயங்காமல், 10 அல்லது 12 மி.மீ. தடிப்புள்ள நாற்பட்டை மெல்லெஃகுக் கம்பியையே கைக்கொள்ள வேண்டும்.

இரும்பு வெம்மையால் குழைவது மட்டுமன்று. அதன் உள்ளமைப்பே மாறுகிறது. தூய இரும்பின் அணுக்கள் 912 பாகைக்குக் கீழே எண்மூலைக் கட்டமொன்றின் மூலைகளிலும் அதன் நடுவிலும் நிற்கின்றன. அவ்வெல்லையைக் கடந்தவுடன் மூலைகளிலும் ஆறு முகங்களின் நடுவிலும் இடம் கொள்கின்றன. முன்னது தன்னுள் ஏற்கும் கரிமம் 0.02 விழுக்காடே, பின்னதோ ஏறத்தாழ 2 விழுக்காடு வரை ஏற்கும். கரிமம் கலந்த எஃகில் இம்மாற்றம் 727 பாகையிலேயே தொடங்கிவிடும். இதனைக் கண்ணாலேயே காணலாம். வல்லெஃகுத் துண்டொன்றைச் செம்மஞ்சளாகக் காய்ச்சி, இருண்ட அறையில் ஆறவிட்டால், அதன் ஒளி படிப்படியாக மங்கிவந்து, ஒரு கட்டத்தில் தானே மீண்டும் சற்று ஒளிரும், அதன்பின்னரே அணையும். அணுக்கள் பழைய கோப்புக்குத் திரும்புகையில் உள்ளடங்கியிருந்த வெம்மையை வெளிவிடுவதால் நிகழும் இம்மீளொளிர்வு, நுண்நோக்கியின் துணையின்றியே பொருளின் உள்ளொழுங்கைக் காட்டிவிடுகிறது.

தோய்ச்சலின் நுட்பமும் இங்கேதான் உள்ளது. கரிமத்தை உள்வாங்கிய நிலையில் வல்லெஃகைத் திடுமென எண்ணெயிலோ நீரிலோ தோய்த்தால், வெளியேறப் பொழுதில்லாத கரிமம் சிறைப்பட்டு, அணுக்கோப்பு கோணி, எஃகு வன்மையும் நொறுங்குமையும் ஒருங்கே பெறும். அந்நொறுங்குமையைக் குறைக்க மறுபடி மெல்லச் சூடேற்றுவது தணித்தல். துலக்கிய பரப்பில் ஏறத்தாழ 220 பாகையில் வைக்கோல் மஞ்சளும், 300 பாகையையொட்டி நீலமும் தோன்றும். கத்திக்கு முன்னது பொருந்தும். சுருள்வில்லுக்குப் பின்னது பொருந்தும்.

கருவிகளுள் தொடங்குவோரைப் பெரிதும் அலைக்கழிப்பது அடைகல். கொம்பும் மேடையும் அமைந்த விலையுயர்ந்த அடைகல்லைத் தேடி ஆண்டுகளைக் கழிப்பது வீண். சுத்தியின் ஆற்றலில் எவ்வளவு இரும்பின் வடிவை மாற்றச் செலவாகிறது என்பதை, பிற இழப்புகளை ஒதுக்கிவிட்டால், அடைகல்லின் எடையைச் சுத்தி, அடைகல் இரண்டின் கூட்டெடையால் வகுத்து அறியலாம். 1 கிலோ சுத்திக்கு 3 கிலோ அடைகல் அமைந்தால் ஆற்றலில் முக்கால் பங்கே பயன்படும். 30 கிலோ அமைந்தால் 97 விழுக்காடு பயன்படும். பக்கத்திற்கு 10 செ.மீ. அகலமும் 40 செ.மீ. உயரமும் உள்ள திண்ணெஃகுக் கட்டை ஏறத்தாழ 31 கிலோ எடையுடையது. அதனை நிமிர்த்தி, மரக்கட்டையில் அசையாது பதித்தால் போதும். இவற்றோடு ஒரு குறடும், அடுப்புக்கரியும், காற்றூதும் துருத்தியும் சேர்ந்தால் உலைக்களம் நிறைவுறும்.

உலையில் காற்று நுழையும் வாயருகே உயிர்வளி மிகுந்திருக்கும். அங்கு வைத்த இரும்பு தடித்த செதிளாய் உதிரும். ஆழமாகக் குவித்த கரியின் நடுவயிற்றில், உயிர்வளி எரிந்து தீர்ந்த இடத்தில் வைப்பதே முறை. களத்தின் மேல் நிழல் வேண்டும்; வெயிலில் செந்நிறம் கண்ணை ஏமாற்றும். காற்றோட்டமும் வேண்டும், மணமற்ற நச்சான கரிம ஓருயிரகை கரியிலிருந்து எழும். துத்தநாகம் பூசிய இரும்பை ஒருபோதும் உலையில் இடலாகாது. 907 பாகையில் ஆவியாகும் அம்மாழையின் புகை நடுக்கக் காய்ச்சல் தரும். கண்காப்பும் பருத்தியாடையும் அணியாமல் சுத்தியைத் தொடவேண்டா.

செய்கைகள் நீட்டல், திரட்டல், வளைத்தல், முறுக்கல், துளைத்தல், வெட்டல், பற்றவைத்தல் என விரியும். இவற்றுள் நீட்டலே தாய். அடிபட்ட இரும்பின் கனவளவு குறைவதில்லை. தடிப்பில் இழந்ததை நீளத்திலோ அகலத்திலோ பெறுகிறது. எனவே எப்பக்கம் நீள வேண்டுமோ அப்பக்கத்திற்குக் குறுக்காகச் சுத்தியின் குறுவாயை வைத்து அடிக்க வேண்டும். களிமண் கட்டியொன்றை அடித்துப் பார்த்தாலே இவ்வொழுக்கு விளங்கும். புதுச்செய்கையை முதலில் மண்ணில் ஒத்திகை பார்க்கலாம். நீட்டும்போது முனையை முதலில் நாற்பட்டையாகவும், பின் எண்பட்டையாகவும், இறுதியில் உருளையாகவும் ஆக்குவதே நெறி. தொடக்கத்திலேயே உருட்டினால் முனை உள்ளே பிளவுறும். செந்நிறம் மங்கியவுடன் அடிப்பதை நிறுத்தி மீண்டும் உலைக்கு அனுப்புக.

கத்தி செய்யும் ஆவல் எல்லோர்க்கும் எழும். முதலாண்டில் அதனை அடக்கி, ஆணியும் கொக்கியும் குறடும் செய்யுங்கள். அதற்கு முன், உங்கள் ஊரில் இன்றும் அரிவாளுக்குத் தோய்ச்சல் வைக்கும் கொல்லர் ஒருவரைத் தேடிச் சென்று, உரிய ஊதியம் கொடுத்து, அவர் உலையருகே நின்று நிறங்களைப் படியுங்கள். அவர் வாயில் வழங்கும் கருவிப்பெயரையும் செய்கைப்பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். அறிவியல் தமிழுக்கு அவை வேண்டும்.