தோக்கியோ நகரில் பசியாற



வெளிநாடு போகும் பிள்ளையை வழியனுப்பும்போது நம் தாய்மார்கள் கேட்கும் முதற்கேள்வி, "அங்கே சோறு கிடைக்குமா?" என்பதுதான். 1982-ஆம் ஆண்டில் மலேசிய அரசாங்கம் கிழக்கு நோக்கும் கொள்கையை அறிவித்ததிலிருந்து, நம் நாட்டு இளைஞர்கள் பலர் படிப்புக்கும் தொழிற்பயிற்சிக்கும் ஜப்பானுக்குப் போய் வருகிறார்கள். நாளை உங்கள் வீட்டுப் பிள்ளையும் போகலாம். ஆகவே, தோக்கியோ மாநகரில் புதிதாகப் போய் இறங்கும் ஒருவர் என்ன உண்ணலாம், என்ன குடிக்கலாம், எதில் கவனமாக இருக்க வேண்டும் என்பதை இன்று பார்ப்போம்.

முதலில் தாய்மார்களுக்கு ஆறுதலான செய்தி: சோறு கிடைக்கும். ஜப்பானியரும் நம்மைப் போலவே அரிசி உண்பவர்கள். 'கோஹான்' என்னும் அவர்கள் சொல்லுக்குச் சோறு என்றும் பொருள், சாப்பாடு என்றும் பொருள். அவர்களுடைய அரிசி குட்டையானது. வெந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் இரண்டு குச்சிகளால் எடுத்து உண்ண முடிகிறது. சோற்றோடு ஒரு துண்டு மீன், சிறிது ஊறுகாய், 'மிசோ' சூப்பு ஆகியவை வரும். மிசோ என்பது சோயா அவரையை உப்போடு புளிக்கவைத்துச் செய்யும் விழுது.

மொழி தெரியாதே என்று அஞ்ச வேண்டாம். பல உணவுக்கடைகளின் வாசலில், கண்ணாடிப் பெட்டிக்குள் பிளாஸ்டிக்கில் செய்த உணவு மாதிரிகளை விலையோடு அடுக்கி வைத்திருப்பார்கள். வேண்டியதைக் கைகாட்டினால் போதும். சில கடைகளில் வாசலிலேயே ஓர் இயந்திரம் இருக்கும். காசைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால் சீட்டு வரும்; அதைக் கொடுத்தால் உணவு வரும். இரயில் நிலையங்களின் அருகே நின்றபடியே உண்ணும் மீ கடைகள் உண்டு. வேலைக்கு ஓடும் தொழிலாளர்கள் ஐந்து பத்து நிமிடங்களில் பசியாறிவிட்டுப் போகும் இடம் அது. செலவும் குறைவு. மீயை உறிஞ்சி ஓசையோடு உண்பது அங்கே குற்றமன்று. உணவு கொண்டுவந்தவருக்குத் தனியாக அன்பளிப்புக் கொடுக்கும் வழக்கமும் இல்லை.

இனி, கவனமாக இருக்க வேண்டிய செய்தி. ஜப்பானியச் சமையலின் உயிர் 'தாஷி' என்னும் சாறு. கடற்பாசியையும், 'கட்சுவோபுஷி' என்னும் காய்ந்த மீனின் சீவலையும் நீரில் இட்டு அதை எடுப்பார்கள். இந்தக் காய்ந்த மீன் வேறொன்றுமில்லை. நம்மவர் அறிந்த மாசிக்கருவாட்டின் உறவுதான். இரண்டுமே சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, கல்லைப் போல் காயவைப்பதால் கிடைப்பவை. ஆகவே, காய்கறி மட்டும் மிதக்கும் சூப்பிலும் மீன்சாறு கலந்திருக்கக்கூடும். சைவ உணவுக்காரர்கள் இதை மறந்துவிடக் கூடாது. புத்த மடங்களின் வழியில் சமைக்கும் 'ஷோஜின்' உணவில் மீனும் இறைச்சியும் சேர்ப்பதில்லை.

இந்தக் கடற்பாசியின் சுவையை ஆராய்ந்தவர் தோக்கியோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிகுனே இகேடா. 1908-இல் அவர் கண்டுபிடித்த பொருள்தான், மறு ஆண்டே அஜினமோட்டோ என்ற பெயரில் கடைக்கு வந்தது.

மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் 'கியூநிக்கு' என்ற சொல்லையும், பன்றியிறைச்சி உண்ணாதவர்கள் 'புத்தாநிக்கு' என்ற சொல்லையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ராமேன் என்னும் மீயின் சாறு பல கடைகளில் பன்றி எலும்பில் எடுக்கப்படுவது. மிரின் என்னும் இனிப்பு அரிசி மதுவும் பல குழம்புகளில் சேர்கிறது. முஸ்லிம் அன்பர்கள் இதையும் கேட்டறிவது நல்லது.

குடிப்பதற்குப் பல கடைகளில் பச்சைத் தேநீரை இலவசமாகவே தருவார்கள். பாலும் இல்லை, சீனியும் இல்லை. கேமரன் மலையில் பறிக்கிறார்களே, அதே இனத் தேயிலைதான். கொழுந்தைப் பறித்தவுடன் ஆவியில் வேகவைத்துவிடுவதால் பச்சை நிறம் மாறுவதில்லை. தெருவோர இயந்திரங்களில் காசு போட்டால், சூடான காப்பிகூட டின்னில் வந்து விழும். சிவப்புக் குறியிட்டது சூடு, நீலக் குறியிட்டது குளிர்ச்சி. அரிசியிலிருந்து செய்யும் 'சாக்கே' என்ற மதுவும் உண்டு. சிறு கிண்ணம்தானே என்று ஏமாறக் கூடாது; பீரைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு வீரியம் அதில் உண்டு. குடியால் குலைந்த குடும்பங்களைக் கண்டவர்கள் நாம். இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

நேயர்களே, ஜப்பான் என்றதும் நம் பெரியவர்களுக்கு நினைவு வருவது உணவன்று, பசிதான். ஆக்கிரமிப்புக் காலத்தில் அரிசியின்றி மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த குடும்பங்கள் நம்முடையவை. தோட்டங்களிலிருந்து சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு மாண்டவர்கள் பல்லாயிரவர். அந்தக் கணக்கை எந்த விருந்தும் தீர்க்காது. ஆனால் அதே தோக்கியோவில் வேறொரு கதையும் இருக்கிறது.

ஷின்ஜுகு என்னும் பகுதியில் நாகாமுராயா என்றொரு கடை. வெள்ளையர் ஆட்சி தேடிய இந்திய விடுதலை வீரர் ராஷ் பிஹாரி போஸ், 1915-இல் ஜப்பானுக்குத் தப்பி வந்தார். அவரை நாடு கடத்த உத்தரவு வந்தபோது, தங்கள் இடத்தில் ஒளித்து வைத்துக் காத்தவர்கள் அந்தக் கடைக்காரத் தம்பதிகள். பின்னர் 1918-இல் அவர்கள் மகளையே அவர் மணந்தார். ஜப்பானியர் அன்று அறிந்திருந்த கறி, ஆங்கிலேயர் வழியாக வந்த மாவுக் குழம்பு. போஸ் சொல்லிக் கொடுத்த முறையில், எலும்போடு கூடிய கோழிக்கறியும் சோறும் 1927-இல் அந்தக் கடையில் விற்பனைக்கு வந்தன. இன்றும் அது அங்கே கிடைக்கிறது. இதே போஸ்தான் 1943-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், சிங்கப்பூரில், இந்தியச் சுதந்திர சங்கத்தின் தலைமையை நேதாஜியிடம் ஒப்படைத்தவர். அவர்கள் அழைப்பை ஏற்று நம் தோட்டத்து ஆண்களும் பெண்களும் படையில் சேர்ந்ததை நீங்கள் அறிவீர்கள்.

உங்கள் பிள்ளை தோக்கியோவுக்குப் போனால், ஒரு நாளாவது அந்தக் கடையில் பசியாறச் சொல்லுங்கள். தட்டில் இருப்பது எது, அது யார் வழியாக அங்கே வந்தது என்று கேட்டு உண்ணப் பழகிவிட்டால், அந்நிய ஊரில் பாதி அச்சம் தீர்ந்துவிடும். அத்தோடு, பழையதை மறக்காமலே புதியவரோடு ஒன்றாக அமர்ந்து உண்ணவும் முடியும்.