மீட்டரின் கேபிள் எங்கே தொடங்குகிறது?

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறினால் முதலில் வரும் ஊர் ரிங்லெட். வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தவர்களுக்குக் கணக்கு எப்போதோ விட்டுப்போயிருக்கும். ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் தொடங்கிய ‘போ’ தேயிலைத் தோட்டம் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. இப்படிப்பட்ட மேட்டில், பின்னால் ஒரு மூட்டையும் கட்டிக்கொண்டு பழைய மோட்டார் சைக்கிளில் ஏறினால் இன்ஜின் திணறும். அதற்குப் பட்டறைக்காரர்களிடம் ஒரு பழைய வைத்தியம் உண்டு. முன் பல்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, ஒரு பல் குறைந்த சக்கரத்தைப் போடுவார்கள்.

வண்டி இப்போது சுலபமாக ஏறும். ஆனால் வேகத்தைக் காட்டும் மீட்டர்? அதை இனி நம்பலாமா?

எந்த வண்டி என்று கேட்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. முதலில் பற்களை எண்ணிப் பார்ப்போம்.

கணக்குக்காக, செயினை இழுக்கும் முன் பல்சக்கரத்தில் 15 பல், பின் டயரோடு சுற்றும் பின் பல்சக்கரத்தில் 45 பல் என்று வைத்துக்கொள்வோம். முன்னது ஒரு சுற்று சுற்றினால் செயினின் 15 கண்ணிகள் நகரும். பின்னது 45 பல் நகர்ந்தால்தான் ஒரு சுற்று. ஆக, முன்னது மூன்று சுற்று சுற்றினால் டயர் ஒரு சுற்று சுற்றும். முன்னதை 14 பல்லாகக் குறைத்தால் மூன்று சுற்று போதாது. மூன்றைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சுற்ற வேண்டும். டயரின் வேகம் குறைகிறது. அதே அளவுக்கு அதைத் திருப்பும் பலம் கூடுகிறது. மேடு ஏறத் தேவை அந்தப் பலம்தான்.

இனி மீட்டரைத் திறப்போம். நீளமான கேபிள் ஒன்று சுழன்றுகொண்டே வந்து, மீட்டருக்குள் இருக்கும் காந்தத்தைச் சுழற்றும். காந்தத்தைச் சுற்றி ஓர் அலுமினியக் கிண்ணம். இரண்டும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. ‘அலுமினியத்தைக் காந்தம் இழுக்காதே!’ என்று நீங்கள் கேட்டால், நல்ல கேள்வி. நிற்கும் காந்தம் இழுக்காது. சுழலும் காந்தமோ அலுமினியத்துக்குள் சுழல் மின்னோட்டங்களை உண்டாக்கும். மின்சாரம் ஓடும் இடத்தில் அதற்கென்று ஒரு காந்தப்புலம் வந்துவிடும். அதனால் கிண்ணமும் காந்தத்தின் பின்னாலேயே திரும்பப் பார்க்கும். மெல்லிய சுருள்வில் ஒன்று அதைப் பிடித்து நிறுத்தும். காந்தம் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறதோ அவ்வளவு தூரம் கிண்ணம் திரும்பும், அதோடு முள்ளும் நகரும். ஓட்டோ ஷுல்ட்சே என்ற ஜெர்மானியர் 1902இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். பல பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் கடிகாரம் போல வேலை செய்யும் வேறு வகை மீட்டர் இருந்தது; அதில் முள் வழுக்கிப் போகாமல் தத்தித் தத்தி நகரும். பார்க்க வேடிக்கையாக இருக்கும்.

எந்த வகையானாலும் மீட்டருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கேபிள் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பது. அந்தக் கேபிளின் மறுமுனை எங்கே மாட்டியிருக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஹோண்டா கப் வண்டியைப் பாருங்கள். 1958இல் வந்தது, மலேசியாவில் ‘கப்சாய்’ என்றால் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பழைய வண்டியில் கேபிள் முன் டயரின் நடுவிலிருந்து கிளம்புகிறது. முன் டயருக்குச் செயினே கிடையாது. அது சாலையில் உருள்வதை அப்படியே மீட்டருக்குச் சொல்கிறது. எந்தப் பல்சக்கரத்தை மாற்றினாலும் மீட்டருக்குக் கவலையில்லை.

1950களின் பிஎஸ்ஏ ஏ10 வண்டியில் கதை வேறு. அதில் கேபிள் கியர் பெட்டியிலிருந்து வருகிறது. அந்த மீட்டர் சாலையைப் பார்த்ததே இல்லை! கியர் பெட்டியிலிருந்து வெளியே வரும் சுழற்சியை வைத்து, ‘டயர் இவ்வளவு சுற்றியிருக்கும்’ என்று ஊகிக்கிறது. தொழிற்சாலையில் போட்ட பல்சக்கரம் இருக்கும்வரை அந்த ஊகம் சரி. 15 பல் இருந்த இடத்தில் 14 பல் வந்தால், உண்மை வேகம் மீட்டர் காட்டுவதில் 15இல் 14 பங்குதான். மீட்டர் 60 என்றால் உண்மையில் 56; 45 என்றால் 42; 30 என்றால் 28. ரிங்லெட்டிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறக்குறைய 13 கிலோமீட்டர்; இந்த வண்டி 14 என்று சொல்லும்.

இதனால் ஆபத்தில்லை, நாம் நினைப்பதைவிட மெதுவாகத்தான் போகிறோம். ஒரு பல் கூட்டி 16 போட்டால்தான் பயப்பட வேண்டும். மீட்டர் 60 காட்டும்போது வண்டி 64இல் ஓடும். தாப்பாவுக்கு இறங்கும் வளைவுகளில் இது நல்லதல்ல.

கேமரன் மலையில் நிறையப் பார்க்கும் பழைய லேண்ட்ரோவருக்குச் செயின் இல்லை. ஆனால் அதன் மீட்டரையும் ஏமாற்றலாம். அதில் கேபிள் கியர் பெட்டியை ஒட்டிய துணைப் பெட்டியிலிருந்து வருகிறது. பெரிய டயர் மாட்டினால் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகும். மீட்டருக்கு அது தெரியாது.

ஒரு புதிர்: பிஎஸ்ஏயில் இன்ஜினின் பலத்தைப் பின் டயருக்குக் கொண்டுபோக இரண்டு செயின்கள் உண்டு. ஒன்று இன்ஜினிலிருந்து கியர் பெட்டிக்கு, இன்னொன்று அங்கிருந்து பின் டயருக்கு. முதல் செயினின் பல்சக்கரத்தை மாற்றினால் மீட்டர் தப்பாகுமா? ஆகாது. கேபிள் தொடங்கும் இடத்துக்கும் டயருக்கும் நடுவில் எதுவும் மாறவில்லையே.

வீட்டில் கியர் வைத்த சைக்கிள் இருந்தால் பெரியவர் ஒருவரோடு சேர்ந்து பற்களின் கணக்கைச் சோதிக்கலாம். பின் டயர் தரையைத் தொடாமல் தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, பெடலை மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றி, கோடு எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். கியரை மாற்றி மறுபடி எண்ணுங்கள். விரலைச் செயின் பக்கம் கொண்டுபோகாதீர்கள், அது கடித்தால் வலிக்கும்.

இனி அந்த 14 பல் பிஎஸ்ஏ வண்டிக்குத் திரும்புவோம். பல்லை மாற்றிய நாளிலிருந்து மீட்டரில் 30,000 கிலோமீட்டர் ஏறியிருக்கிறது. உண்மையில் ஓடியது 28,000. டயர் தேய்ந்தது 28,000 கிலோமீட்டருக்குத்தான். இன்ஜினோ 15 பல்லோடு 30,000 கிலோமீட்டர் ஓடினால் எத்தனை சுற்று சுற்றுமோ அத்தனையும் சுற்றிவிட்டது. அதனால் டயர் மாற்ற வேண்டுமா என்று பார்க்கிறவர் மீட்டரைத் திருத்திப் படிக்க வேண்டும். இன்ஜின் எண்ணெய் மாற்றுகிறவர் திருத்தாமலே படிக்கலாம்.